சைவ வீடு, பாலும் கச்சானும் ஒத்துக்கொள்ளாத பிள்ளை

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தாய் கேட்டது இது. மகனுக்கு ஆறு வயது. பால்மா குடித்தால் பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து வாந்தி எடுப்பான். போன வருடம் கச்சான் (நிலக்கடலை) தின்று உதடும் கண்ணும் வீங்கி, ஒரு இரவு வைத்தியசாலையில் இருக்க வேண்டி வந்தது. இரத்தப் பரிசோதனையில் பாலும் கச்சானும் பெரிதாகக் காட்டின. உளுந்து, கொண்டல் கடலை, சோயா கொஞ்சமாகக் காட்டின. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். வீடு முழுச் சைவம். அம்மம்மா முட்டையைக்கூட வாசல் தாண்ட விடமாட்டார். கிரந்திச் சாமான் (அரிப்பும் தடிப்பும் தரும் சாப்பாடு) என்று கத்தரிக்காய், தக்காளி, அன்னாசியும் நின்றுபோயிற்று. இப்போது சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, சொதி. பாலுக்குப் பதிலாகக் காலையும் மாலையும் ஒரு கப் தேங்காய்ப்பால். எடை 16 கிலோ, ஒரு வருடமாகக் கூடவே இல்லை. சைவத்தை விட்டால்தான் பிள்ளை தேறுவானா? ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப் போகலாமா?

மகள், சைவத்தை விட வேண்டியதில்லை. நான் வைத்தியர் இல்லை; பிள்ளைகள் வாட்டில் 28 வருடம் தாதியாக இருந்தவள். சைவ வீட்டுப் பிள்ளைகளும் மெலிந்து வருவார்கள், மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டுப் பிள்ளைகளும் மெலிந்து வருவார்கள். உங்கள் மகனின் தட்டில் இருந்து மூன்று பேர் சாமான் எடுத்திருக்கிறார்கள். சைவம் கொஞ்சம் எடுத்தது, ஒவ்வாமை கொஞ்சம் எடுத்தது, மிச்சத்தைப் பயம் எடுத்தது. பயம் எடுத்ததில் பாதியையாவது திருப்பி வாங்கலாம். அங்கே இருந்து தொடங்குவோம்.

அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஐஜிஈ என்று எழுதி எதிரே எண்கள் இருக்கும். ஒரு சாப்பாட்டை உடம்பு அடையாளம் கண்டுவைத்திருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். தின்றால் என்ன நடக்கும் என்பதைத் தின்றபோது நடந்ததுதான் சொல்லும். பாலுக்கும் கச்சானுக்கும் உங்களிடம் இரண்டும் இருக்கிறது: எண்ணும் பெரிது, நடந்ததும் தெளிவு. அதில் வாதமே இல்லை, இரண்டையும் முழுசாக விலக்க வேண்டும். உளுந்து, கடலை, சோயா கதை வேறு. கச்சானும் இவையும் ஒரே அவரைக் குடும்பம், புரதங்களும் ஒன்றைப்போல ஒன்று. அதனால் கச்சானை அடையாளம் காணும் உடம்பு இவற்றையும் பரிசோதனைக் குழாயில் கொஞ்சம் அடையாளம் காணும். கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலானோர் மற்றப் பருப்பு வகைகளைச் சுகமாகத் தின்கிறார்கள். உங்கள் மகனே தினமும் பருப்புக் கறி தின்கிறான், ஒன்றும் ஆகவில்லையே!

பரிசோதனைக்கு முன்னர் அவன் உளுந்து வடை, தோசை, கடலைச் சுண்டல் தின்றவனா? தின்று சும்மா இருந்தவன் என்றால் அதைத் தேதியோடு எழுதிக்கொண்டு கிளினிக்கில் சொல்லுங்கள். ஆனால் வீட்டில் நீங்களாகத் திரும்பத் தொடங்க வேண்டாம். எண் கொஞ்சம் காட்டிய சாமானை ஒரு வருடம் நிறுத்திவைத்திருக்கிறீர்கள். நீண்ட காலம் நிறுத்திய பிறகு முன்பு ஒத்துக்கொண்டதே ஒத்துக்கொள்ளாமல் போன பிள்ளைகள் உண்டு. முதல் வாய் வைத்தியர் சொல்லும் இடத்தில், சொல்லும் அளவில் நடக்கட்டும். சிறுபிள்ளை நிபுணர் தேவைப்பட்டால் மேலும் பரிசோதனைக்கு எழுதித் தருவார். சில பரிசோதனைகள் கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் வரை போகும். அலைச்சல்தான். ஆனாலும் உளுந்தும் கடலையும் திரும்பக் கிடைத்தால் சைவப் பிள்ளைக்கு அரைவாசிச் சமையலறை திரும்பக் கிடைத்த மாதிரி.

அப்புறம் கிரந்தி. அம்மம்மாவோடு இதில் சண்டைக்குப் போகாதீர்கள். கத்தரிக்காய், இறால், நண்டு, அன்னாசி என்று அந்தப் பட்டியலைப் பழைய ஆட்கள் கண்ணால் கண்டுதான் எழுதினார்கள். அன்னாசியில் புரோமலைன் என்று புரதத்தைக் கரைக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அது யாருடைய நாக்கையும் அரிக்க வைக்கும். வாயைச் சுற்றிச் சிவப்பதும் பெரும்பாலும் அப்படித்தான், வெறும் எரிச்சல். ஒவ்வாமை என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆளை மாறிப் புரிந்துகொண்டு சண்டைக்குக் கிளம்புவது. தடிப்பு, வீக்கம், வாந்தி, இழுப்பு எல்லாம் பெரும்பாலும் சில நிமிடத்தில் இருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வரும். கத்தரிக்காயும் தக்காளியும் தின்று இவனுக்கு அப்படி ஒருநாளும் வந்ததில்லை என்றால் அவற்றை நிறுத்தக் காரணம் இல்லை. அம்மம்மாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இது எல்லாருக்கும் கிரந்தியா, இவனுக்குக் கிரந்தியா?" என் அம்மாவிடம் இந்தக் கேள்வி வேலை செய்தது.

இனித் தேங்காய்ப்பால். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். தேங்காய்ப்பால் நல்ல சாமான், பிள்ளைக்குக் கொழுப்பும் சக்தியும் தரும், கறியில் தாராளமாக விடுங்கள். ஆனால் அது பசுப்பாலின் இடத்துக்கு வராது. ஒரு கப் பசுப்பாலில் 250 முதல் 300 மில்லிகிராம் கல்சியமும் எட்டு கிராம் அளவு புரதமும் இருக்கும். அதே கப் தேங்காய்ப்பாலில் கல்சியம் பேருக்குத்தான், புரதமும் சொற்பம். பேர்தான் பால். அதோடு கெட்டியான தேங்காய்ப்பால் வயிற்றை அடைத்துவிடும். அரை மணித்தியாலத்தில் சோறு வைத்தால் இரண்டு வாயோடு எழும்பிவிடுவான். ஆட்டுப்பாலுக்கோ எருமைத் தயிருக்கோ மாறிப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். எருமைப்பாலின் புரதமும் ஆட்டுப்பாலின் புரதமும் பசுப்பாலின் புரதத்துக்கு உடன்பிறப்பு மாதிரி. ஒன்றுக்கு வீங்குகிறவன் மற்றதற்கும் வீங்குவான். மட்டக்களப்புத் தயிரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருப்பது கொடுமைதான், என்ன செய்வது?

எல்லாரும் முதலில் கேட்பது புரதம் போதுமா என்றுதான். உண்மையில் அது இங்கே சின்னப் பிரச்சினை. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 19 கிராம் புரதம் போதும். பருப்போ பயறோ கௌபியோ 100 கிராமில் 24 கிராம் அளவு புரதம் வைத்திருக்கிறது. சமைக்க முன்னர் ஒரு கைபிடிப் பருப்பு, அதோடு இரண்டு வேளை சிவப்பரிசிச் சோறு என்றாலே கிட்ட வந்துவிடும். சோற்றில் குறைவதைப் பருப்பு ஈடுகட்டும், பருப்பில் குறைவதைச் சோறு ஈடுகட்டும். உங்கள் வீட்டில் பருப்பு தண்ணீராக இருப்பதுதான் எனக்குச் சந்தேகம். சொதி மாதிரி ஓடுகிற பருப்பில் தண்ணீர்தான் முக்கால்வாசி. கெட்டியாகக் கடைந்து, மேலே நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஒரு கரண்டி விட்டுக் கொடுங்கள். எடை கூடாததற்கு முதல் காரணம் சக்தி போதாமைதான். இந்த வயதுப் பிள்ளை வருடத்துக்கு இரண்டு கிலோ அளவில் கூட வேண்டும்.

பெரிய பிரச்சினை விற்றமின் பி12. இதை எழுதி ஒட்டிவையுங்கள். பி12 மரக்கறியிலோ தானியத்திலோ இல்லை. சைவக்காரருக்கு அது வருவது பாலும் தயிரும் மோரும் வழியாகத்தான். சைவ வீட்டில் பாலையும் எடுத்துவிட்டால் அந்தக் கதவு முழுசாக மூடிவிடும். முட்டையும் மீனும் இல்லாத இடத்தில் வேறு கதவு கிடையாது. பழஞ்சோற்றில் இருக்கிறது, புளித்த தோசை மாவில் இருக்கிறது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவற்றை நம்பி ஒரு பிள்ளையை விட முடியாது. குறைந்தால் இரத்தச் சோகை வரும், நாக்கு புண்ணாகும், நரம்பு பழுதாகும், படிப்பில் கவனம் போகும். மெதுவாக வருவதால் சோம்பல் என்றே நினைப்போம். இரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். துளியாகவோ குளிசையாகவோ தருவார்கள். அதில் மிருகப் பொருள் சேருமா என்று அம்மம்மா கேட்டால், பி12 பக்டீரியாவை வளர்த்து எடுப்பது என்று சொல்லலாம். தோசை மா புளிப்பதும் அப்படித்தானே. கப்சூல் உறை மட்டும் ஜெலற்றினாக இருக்கலாம், அது மாட்டில் இருந்தோ பன்றியில் இருந்தோ வருவது. ஆகவே துளியோ வெறும் குளிசையோ கேட்டு வாங்குங்கள். அந்தக் குளிசையில் பால்வெல்லம், அதாவது லக்டோஸ், சேர்ந்திருக்கிறதா என்றும் பார்மசியில் காட்டிக் கேளுங்கள்.

கல்சியத்துக்கு நம்மிடம் வழி இருக்கிறது. குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம். காலையில் குரக்கன் புட்டோ ரொட்டியோ, பிள்ளை சாப்பிடக்கூடிய அளவு போட்டால் 150, 200 வந்துவிடும். எள்ளு ஒரு மேசைக்கரண்டியில் 80, 90 இருக்கிறது, ஆனால் இடித்துக் கொடுக்க வேண்டும்; முழு எள்ளு வந்த வழியே போய்விடும். எள்ளும் ஒவ்வாமைக்குப் பேர்போன சாமான்தான், ஆகவே இதுவரை நல்லெண்ணெயும் எள்ளுருண்டையும் தின்று சும்மா இருந்தவன் என்றால் மட்டும். முருங்கையிலை வறையோ இலைக்கஞ்சியோ நல்லது. இந்த வயதுக்கு 600 மில்லிகிராமாவது வேண்டும்; சில நாடுகளின் கணக்கில் 1000. இவ்வளவும் செய்தாலும் 400ஐத் தாண்டுவது கஷ்டம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். சோயாவுக்கு வைத்தியர் சரி சொன்னால் கல்சியம் சேர்த்த சோயாப்பால் மிச்சத்தைத் தீர்க்கும். இல்லையென்றால் கல்சியக் குளிசை. விற்றமின் டீக்கு வெயில் நம் ஊரில் இலவசம், அயோடீனுக்கு உப்புப் பைக்கற்றில் அயோடீன் சேர்த்தது என்று இருக்கிறதா பாருங்கள், அவ்வளவுதான்.

இடையில் ஒன்று. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்து மிட்வைஃப் திரிபோஷா சத்துமா தந்தால், மெலிந்திருக்கிறானே என்று இவனுக்கும் ஒரு உருண்டை பிடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அதில் சோளம், சோயாவோடு பால்மாவும் சேர்ந்திருக்கிறது. இந்தத் தவறை அன்பால் செய்துவிட்டு வாட்டுக்கு ஓடிவந்த அம்மம்மாக்களைக் கண்டிருக்கிறேன்.

மறுகா, சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் நம் ஊரில் பிள்ளைக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் சொல் வழியாகத்தான். ஒரு வீட்டில் போய் "இதில் பால் சேர்த்ததா?" என்று கேளுங்கள். சொதிக்கும் பால், கறிக்கும் பால், பால்ச்சோற்றுக்கும் பால். எல்லாம் தேங்காய்ப்பால். "ஓம், பால் விட்டதுதான்" என்பார்கள், பிள்ளை நல்ல சாப்பாட்டை விட்டு எழும்புவான். இன்னொரு வீட்டில் "பால் ஒன்றும் விடவில்லை" என்பார்கள். நெய் விட்டிருப்பார்கள், பால்மா தூவியிருப்பார்கள், டின்பால் ஊற்றியிருப்பார்கள். அவர்கள் மனதில் அதெல்லாம் பால் இல்லை. ஆகவே ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்: பசுப்பால், பால்மா, டின்பால், தயிர், மோர், நெய், பட்டர். நெய்யில் பால் புரதம் மிகக் குறைவுதான். ஆனால் இல்லாமல் இல்லை.

கடலையும் அப்படித்தான். நாங்கள் கடலை என்றால் கொண்டல் கடலை. கச்சான் என்றால் கச்சான். இந்தியாவில் இருந்து வரும் பைக்கற்றில் கடலை மிட்டாய், கடலை எண்ணெய் என்று போட்டிருப்பது கச்சானை. உள்ளூர் பைக்கற்றில் நிலக்கடலை என்று இருக்கும். முந்திரி இன்னும் மோசம்: அங்கே முந்திரி என்றால் கஜு, நமக்கு முந்திரிகை என்றால் பிளம்ஸ், அதாவது உலர்ந்த திராட்சை. கஜு வேறு குடும்பம் என்றாலும், கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் சிலருக்குக் கஜுவும் ஒத்துக்கொள்ளாது. அவன் இதுவரை தின்றிராவிட்டால் பொங்கலில் கிடக்கும் கஜுவை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம், கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான்.

சைவக் கடை என்றால் பயமில்லை என்று நினைக்கிறீர்கள் இல்லையா? உங்கள் மகனுக்குச் சைவக் கடைதான் கூடுதல் கவனம் வேண்டிய இடம். மீன் சோற்றுக் கடையில் பசுப்பால் தேத்தண்ணியோடு நின்றுவிடும். சைவக் கடையில் நெய்த்தோசை, பாயாசம், மோர், குருமாவில் அரைத்த கஜு, தயிர்ச் சாதம் என்று எங்கும் இருக்கும். பிளேன்ரீ வாங்கினாலும் பால்தேத்தண்ணி ஆற்றிய அதே கோப்பையில்தான் ஆற்றித் தருவார்கள். ஒரு கல்லில் நெய்த்தோசை, அடுத்து வெறும் தோசை. சைவம் என்ற சொல் மச்சம் இல்லை என்பதற்கு மட்டும்தான் பொறுப்பு.

இந்த இடத்தில்தான் உங்கள் அம்மம்மா பெரிய சொத்து. மச்சம் சமைத்த சட்டியில் அவர் சைவக் கறி வைப்பாரா? மீன் கிண்டிய அகப்பை பருப்பில் பட்டால் அந்தப் பருப்பைச் சாப்பிடுவாரா? கழுவினாலும் அந்தச் சட்டி வேண்டாம் என்பார். வாட்டில் தாய்மாருக்கு இதைப் புரியவைக்க எனக்கு நாட்கள் எடுக்கும்: பால் பட்ட கரண்டி, கச்சான் பொரித்த எண்ணெய், வடித்தட்டில் ஒட்டியிருக்கும் தயிர். "கொஞ்சம்தானே" என்பார்கள். உங்கள் வீட்டில் கொஞ்சம்தானே என்ற சொல்லே இல்லை. அவரிடம் போய் "இவனுக்குப் பாலும் கச்சானும் மச்சம் மாதிரி" என்று சொல்லுங்கள், வேறு விளக்கம் வேண்டாம். அவனுக்கு ஒரு சட்டி, ஒரு அகப்பை, ஒரு கோப்பை, மேல் தட்டில் தனியாக. அவரே காவல் இருப்பார். ஒன்றை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாம்" என்று அக்கம்பக்கத்தில் ஆலோசனை வரும். அப்படி ஒரு சிகிச்சை இருக்கிறதுதான், அது வைத்தியர் பக்கத்தில் நின்று மில்லிகிராம் கணக்கில் செய்வது. பால் ஒவ்வாமை வளர வளரப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு விட்டுப்போகும். கச்சான் ஐந்தில் ஒருவருக்குத்தான் விடும். வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாமாங்கம் போங்கள். பத்து நாள் திருவிழாவில் தீர்த்தத்தன்று அமிர்தகழி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வழி நெடுகக் கச்சான் கடை. வறுக்கும் வாசனை மட்டும் பட்டுப் பெரிய ஒவ்வாமை வருவது மிக அரிது, வாசனைக்குப் பயந்து வீட்டில் இருக்க வேண்டாம். கோதும் தூளும் கையில் ஒட்டி, கை வாய்க்குப் போவதுதான் வழி. சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு போங்கள். கையில் தடவும் ஜெல் கிருமியைக் கொல்லும், கச்சான் புரதத்தை எடுக்காது. கச்சான் கடையில் கடலை வாங்கிக் கொடுக்க வேண்டாம், சோளமும் வேண்டாம், ஒரே மணலில்தான் எல்லாம் வறுபடும். தாகசாந்தியில் சர்பத் என்றால் பால் இருக்கலாம். அன்னதானத்தில் பாயாச அகப்பை சோற்று வாளிக்குள் போய் வரும், அவனுக்கு வீட்டில் இருந்து கட்டிய சோறு. பஞ்சாமிர்தமும் அபிஷேகப் பாலும் வாங்காமல் விபூதியும் பூவும் வாங்கினால் மாமாங்கப் பிள்ளையார் கோபிக்கமாட்டார். திருவிழாவால் வருகிற சொந்தக்காரர் கச்சான் பையோடுதான் வருவார்கள், அது நம் மரியாதை. முன்னரே சொல்லிவிடுங்கள், பேரீச்சம்பழம் வாங்கி வரட்டும். பள்ளிக்கூடத்திலும் வகுப்பு ரீச்சரிடம் ஒருமுறை நேரே போய்ச் சொல்லுங்கள். பிறந்தநாள் கேக்கும் ரொபியும் வருகிற நாளில் அவன் வெறும் கையோடு இருக்காமல், கெடாத இனிப்பு ஒன்றை ஒரு டப்பாவில் ரீச்சரிடம் கொடுத்துவையுங்கள்.

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் தவறும். அந்த நாளுக்கு என்ன செய்வது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தடிப்பு மட்டும் என்றால் பிரிட்டோன் (Piriton) மாதிரியான ஒவ்வாமை மருந்து போதும். மூச்சு இழுக்கிறது, குரல் கரகரக்கிறது, திரும்பத் திரும்ப வாந்தி, ஆள் சோர்ந்து வெளிறுகிறான் என்றால் பிரிட்டோன் காப்பாற்றாது. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது. எவ்வளவு முந்திப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. வீட்டில் வைத்திருக்க ஊசி எழுதித் தர முடியுமா, தந்தால் எப்படிப் போடுவது என்று கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்; மூச்சுக் கஷ்டம் என்றால் உட்கார்ந்தபடி இருக்கட்டும். எழும்பி நடக்க விடாதீர்கள். 1990க்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஆனால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை உங்களுக்கு அவ்வளவு கிட்ட என்பதால், கையில் வாகனம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். அங்கே போய்த் தெளிந்துவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கேட்காதீர்கள். சில மணித்தியாலம் கழித்து இரண்டாவது தரம் வரலாம். இழுப்பு வருத்தம் உள்ள பிள்ளை என்றால் இன்னும் கவனம்.

அடுத்த கிளினிக்குக்கு முன்னர் மூன்று நாள் அவன் தின்றதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதுங்கள், மிச்சம் வைத்ததையும் சேர்த்து. போகும்போது அந்த ரிப்போர்ட், கொப்பி, வீட்டில் இருக்கும் குளிசைப் பெட்டிகள். கூடவே அம்மம்மாவையும் கூட்டிப் போங்கள். வைத்தியரிடம் விடாமல் கேள்வி கேட்க ஆள் வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த வேலைக்கு அவர்தான் சரி.